ஒரே வாஷா, அடுக்கா, கோடா: வாட்டர்கலர் கலங்காமல் இருக்க எந்த வழி?

"லூஸா வரையணும்னு ஆசை, ஆனா கை நிக்க மாட்டேங்குது." வாட்டர்கலர் வரைகிற யாரிடம் பேசினாலும் இந்தப் புலம்பல் ஒருமுறையாவது வந்துவிடும். முதல் பத்து நிமிடம் படம் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தொட்டுத் தொட்டு, கடைசியில் வானம், மரம், சுவர் எல்லாமே ஒரே பழுப்புச் சாம்பலில் படிந்துவிடுகிறது. யோசனை கேட்கப் போனால் இன்னும் குழப்பம். ஒரே வாஷில், அதாவது தண்ணீர் தாராளமாகக் கலந்த நிறத்தை ஒரே பூச்சாக ஓடவிட்டு, முடித்துவிட்டு எழுந்துவிடு என்பார் ஒருவர். பொறுமையாக லேயர் லேயராகக் கட்டு என்பார் இன்னொருவர். மூன்றாமவர், பேனாவில் கோடு போட்டுக்கொண்டு வண்ணத்தை லேசாகத் தடவினால் போதுமே என்பார். மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் எந்த வழி யாருக்கு ஒத்துவரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சிக்கலே அங்கேதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை லேயர் என்பதற்கும் படம் கலங்குவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பத்து லேயர் போட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் படங்கள் உண்டு, ஒரே லேயரில் சேறான படங்களும் உண்டு. நீங்கள் எப்போது யோசிக்கிற ஆள் என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பிரஷை எடுப்பதற்கு முன்பா, ஒரு லேயருக்கும் அடுத்ததற்கும் நடுவிலா, வரைந்துகொண்டிருக்கும்போதேவா? மூன்றாவது வகை ஆளுக்குத்தான் படம் அதிகம் கெடும், நம்மில் பெரும்பாலோர் அந்த வகை.

## கலங்கல் எங்கிருந்து வருகிறது

வாட்டர்கலரின் வெளிச்சம் பேப்பரிலிருந்து வருவது. நிறமித் துகள்களை அரபிக் கோந்தில் குழைத்ததுதான் பெயிண்ட். அது பேப்பர் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது, வெளிச்சம் அதன் ஊடாக உள்ளே போய், வெள்ளைப் பேப்பரில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் பாதையை எது அடைத்தாலும் படம் மங்கும். அக்ரிலிக் காய்ந்தால் இறுகிவிடும், இது அப்படியில்லை. கோந்து தண்ணீர் பட்டால் மறுபடி கரையும், அதனால் மேலே ஓட்டும் ஒவ்வொரு பிரஷும் கீழே இருப்பதைக் கொஞ்சமாவது கிளப்பிவிடும்.

பாதி காய்ந்த இடத்தைத் தொடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பேப்பர் மினுங்கும்போது தொடலாம், முழுக்கக் காய்ந்த பிறகு தொடலாம். மினுமினுப்பு போய், ஆனால் புறங்கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில் ஈரப் பிரஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும், அதைச் சரிசெய்யத் தேய்ப்போம், தேய்த்தால் பேப்பரின் மேல்பூச்சு போகும், பூச்சு போன இடம் பெயிண்டை உறிஞ்சி அழுக்காகக் காட்டும். இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

நிறங்களின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். டியூபின் பின்பக்கத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரின் என்றால் பிபி29, பர்ன்ட் சியன்னா என்றால் பெரும்பாலும் பிபிஆர்7, இவை ஒற்றை நிறமிகள். இந்த இரண்டையும் கலந்தால் உயிருள்ள ஒரு சாம்பல் கிடைக்கும். சாப் கிரீன், பெய்ன்ஸ் கிரே போன்றவற்றில் பெரும்பாலும் ஏற்கனவே இரண்டு மூன்று நிறமிகள் இருக்கும், அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் பேலட்டிலேயே சேறு தயார்.

ஆனால் இதற்கெல்லாம் மூலகாரணம் பயம். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும், அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் முதல் வாஷை வெளிறத்தான் போடுகிறோம். காய்ந்ததும் சப்பென்று இருக்கிறது, மேலே இன்னொன்று போடுகிறோம், அதுவும் பயந்து பயந்து. நான்கு தடவை பயந்து போட்ட நிறம், ஒரே தடவை துணிந்து போட்ட நிறத்தின் அடர்த்திக்கு வரும்போது அதன் தெளிவு போயிருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கீழே உள்ள நான்கு வழிகளையும் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். முடிவுகளை எப்போது எடுக்க வேண்டியிருக்கிறது? எவ்வளவு காத்திருக்க வேண்டும்? தவறினால் திருத்த வழி உண்டா? எந்தத் தரப் பேப்பர் கேட்கும்? எந்த மாதிரிக் காட்சிக்கு ஒத்துவரும்? பளிச்சென்று இருப்பதைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை, ஏனென்றால் நான்கிலுமே அது சாத்தியம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே காட்சியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம், மேற்குக் கரையில் உட்கார்ந்து கிழக்கே பார்க்கிறோம், சாயங்கால நேரம். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து மேற்குக் கோபுரத்தின் முகத்தில் விழுகிறது, பின்னால் உயரமான கிழக்குக் கோபுரம், குளத்தின் நடுவே நீராழி மண்டபம், தண்ணீர் இருந்தால் எல்லாவற்றின் பிரதிபலிப்பும். வானம், சிற்பம், படிக்கட்டு, தண்ணீர், ஜனங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அது.

## வழி 1: ஒரே மூச்சு வாஷ்

பேப்பரை நனைத்து, அது மினுங்கிக்கொண்டிருக்கும்போதே வானத்தையும் கோபுரத்தையும் தண்ணீரையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டு, ஈரம் போவதற்குள் அடர்நிறங்களையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது. நன்றாக வந்தால் இதற்கு நிகர் கிடையாது, வரையப்பட்ட மாதிரியே தெரியாது, தானாக நடந்த மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் ஆசைப்படுகிறார்கள்.

விஷயம் என்னவென்றால், இதில் யோசனை முழுவதும் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வெளியில் தெரியும் அலட்சியத்துக்குப் பின்னால் பென்சிலில் போட்ட சின்ன மாதிரிப்படம் இருக்கும், அதில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று டோன் பிரித்திருக்கும். எந்த இடத்தை வெள்ளையாகவே விடப்போகிறோம் என்பது முடிவாகியிருக்கும். பேலட்டில் பெயிண்ட் ஈரமாக, தாராளமாக, கலந்து தயாராக இருக்கும். நடுவில் நிறம் தீர்ந்து கலக்க உட்கார்ந்தால் அந்தப் பத்து விநாடியில் பேப்பர் காய்ந்துவிடும், போச்சு.

தண்ணீர்க் கணக்குக்கு ஒரே விதிதான். பேப்பரில் இருக்கும் ஈரத்தைவிடப் பிரஷில் இருக்கும் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய ஓவியர் ஜோசப் ஸ்புக்விச் பெயின்ட்டின் பதத்தைத் தேநீர், காபி, பால், கிரீம், வெண்ணெய் என்று ஐந்தாகப் பிரித்துச் சொல்வார். நேரம் ஆக ஆக, பேப்பர் காயக் காய, பிரஷில் இருக்கும் பெயிண்ட் தேநீரிலிருந்து வெண்ணெய்ப் பக்கமாக நகர வேண்டும். காய்ந்துவரும் பேப்பரில் தேநீரோடு திரும்பிப்போனால்தான் மேலே சொன்ன காலிஃபிளவர்.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது பேப்பர். இது நூறு சதவீதப் பருத்திப் பேப்பரைக் கேட்கும் வழி, அது ஈரத்தை உள்ளே வாங்கி நிதானமாக விடும், மரக்கூழ் பேப்பரில் ஈரம் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காயும். அதோடு, இந்த வழியில் தேறாத படங்களின் விகிதம் கூடுதல், திருத்தவும் வழியில்லை. விலை கூடிய பேப்பரில் கூடுதலாகத் தோற்க வேண்டிய வழி என்று சொன்னால் மிகையில்லை. இரண்டாவது, பருவநிலை. மே மாத மதியம் சென்னையில் திறந்தவெளியில் உட்கார்ந்தால் நனைத்த பேப்பர் கண்முன்னே காய்ந்துபோகும், பேப்பரின் இரண்டு பக்கத்தையும் நனைத்துப் பலகை மேல் ஒட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தால்தான் தாக்குப்பிடிக்கும். கார்த்திகை மழைக்காலத்தில் இதற்கு நேரெதிர், ஈரம் போகவே போகாது, நிறம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் இந்த ஒரு வழிக்கு மட்டும் அந்த ஈரக்காற்று தோழன்.

நம் குளத்தில் இது எதற்கு வேலை செய்யும்? வானத்துக்கும் பிரதிபலிப்புக்கும் அபாரம். மேற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை இதில் சொல்ல முயன்றால் தொலைந்தோம், கோபுரம் ஒரு நிழலுருவாக மட்டும் நிற்கட்டும் என்று ஒப்புக்கொள்ள மனசு வர வேண்டும். காலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், சிற்பமெல்லாம் இருட்டில் கரைந்து கோபுரமே நிழலுருவாகத்தான் தெரியும். ஒரே மூச்சு வாஷ்தான் வேண்டும் என்றால் காலையில் போங்கள் என்பேன்.

ஒரே மூச்சு என்றால் மென்மையாக, தொட்டும் தொடாமலும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி ஒன்றும் சட்டமில்லை. 1818-இல் இங்கிலாந்தில் ஃபார்ன்லி ஹால் என்ற வீட்டில் தங்கியிருந்தபோது ஆங்கிலேய ஓவியர் டர்னர் ஒரு போர்க்கப்பலை ஒரே காலைப்பொழுதில் வரைந்து முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அந்த வீட்டுப் பையன் பின்னாளில் சொன்னபடி, பேப்பர் ஊறும்வரை ஈரப் பெயிண்டை ஊற்றி, கிழித்து, சுரண்டி, பித்துப் பிடித்தவர் போலத் தேய்த்திருக்கிறார். படம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது, இன்றைக்கும் கலங்காமல் இருக்கிறது. எங்கே தேய்க்கிறோம் என்று தெரிந்து தேய்த்தால் தேய்ப்பதும் குற்றமில்லை.

## வழி 2: அடுக்கடுக்காக

ஒரு மெல்லிய வாஷ், முழுக்கக் காயவிடுவது, அதன் மேல் இன்னொன்று, மறுபடி காயவிடுவது. ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதை மறைக்காமல் அதன் நிறத்தை மாற்றும்.

இது படத்தைக் கொல்லும் வழி என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் காட்மன் என்ற ஆங்கிலேய ஓவியரின் கிரேட்டா பாலம் படத்தைப் பார்க்க வேண்டும், 1805 வாக்கில் வரைந்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தட்டையான வாஷ்கள், ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரே தடவை வைத்தது, வைத்த பின் யாரும் தொடாதது. இருநூறு வருடம் கழித்தும் அதில் ஒரு தூசி படிந்த உணர்வு இல்லை. இன்னும் தள்ளிப்போனால் வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர். 1903-இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள், அவர்கள் வேலை செய்வதைப் பார்த்த பிறகு இவர் ஒரு வழியை உருவாக்கிக்கொண்டார். வரைந்த படத்தை அப்படியே தண்ணீரில் முக்கி எடுப்பது, மேலே ஒட்டாமல் நிற்கும் நிறமி போய்விடும், பேப்பருக்குள் இறங்கியது மட்டும் மிஞ்சும், அதன் மேல் மறுபடி வண்ணம், மறுபடி முக்கல். 1905-இல் வரைந்த பாரத மாதா அந்த வரிசையில் வந்ததுதான். இதைவிட அதிகமாக ஒரு வாட்டர்கலரைக் கையாள முடியாது, ஆனாலும் அதில் சேறு கிடையாது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும் ஒளி மாதிரி ஒன்றுதான் இருக்கிறது.

ஆக, வழியில் கோளாறு இல்லை. காத்திருப்பில்தான் இருக்கிறது. ஒரு லேயர் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். இரண்டு லேயருக்கு நடுவே உள்ள நேரம் யோசிப்பதற்கு என்று வைத்தது, ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் குறைகள் கண்ணில் படும், கை துறுதுறுக்கும். ஹேர் டிரையர் வைத்துக்கொள்ளலாம், இரண்டு எச்சரிக்கையோடு. மினுமினுப்பு போகும் முன் ஊதினால் பெயிண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். ஊதி முடித்ததும் பேப்பர் சூடாக இருக்கும், காய்ந்துவிட்டது என்று தோன்றும், சூடு ஆறவிட்டுப் புறங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் ஜில்லென்று இருக்கலாம்.

மறைமுகச் செலவு பெயிண்டிலும் உண்டு. மாணவர் தரப் பெயிண்டில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம், ஒரு லேயருக்கு ஒன்றும் தெரியாது, மூன்றாவது லேயரில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகும். கேட்மியம் எல்லோ, எல்லோ ஓக்கர், செருலியன் போன்றவை நல்ல தரத்திலும் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும் நிறங்கள், அவை அடியில் இருக்கட்டும், மேலே வேண்டாம். பேப்பரைக் கறையாகப் பிடித்துக்கொள்ளும் தாலோ புளூ, குவினாக்ரிடோன் வகைகள் அடி லேயருக்கு நல்லவை, அடுத்த பிரஷ் அவற்றை லேசில் கிளப்பாது. அல்ட்ராமரின் அப்படியில்லை, தொட்டால் கிளம்பி வரும். மரக்கூழ் பேப்பரில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும், ஏனென்றால் பெயிண்ட் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும், இரண்டாவது லேயர் முதல் லேயரைத் துடைத்துக்கொண்டு போகும். மலிவான பேப்பரில் பழகலாம் என்று லேயரிங் ஆரம்பித்து, எனக்கு வரவில்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். தவறு அவர்கள் கையில் இல்லை.

கோபுரம்தான் படத்தின் நாயகன் என்றால் இந்த வழி. நடிகர் சிவகுமார் சென்னையில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் கோயில்களின் முன்னால் உட்கார்ந்து நேரில் வரைந்த வாட்டர்கலர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுணுக்கம் இருந்தாலே படம் செத்துவிடும் என்பது கதை. ஆனால் இடத்திலேயே உட்கார்ந்து அடுக்கு வேலை செய்வதென்றால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், சாயங்கால வெளிச்சம் காத்திருக்காது. வீட்டில் மேசை மேல் செய்வதற்கு ஏற்றது, அல்லது ஒரே நேரத்தில் அடுத்தடுத்த நாள் வந்து உட்காரும் பொறுமை உள்ளவர்களுக்கு.

## வழி 3: இரண்டு கட்டம்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான், அதனால் ஒருபக்கச் சாய்வோடு எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் வெளிச்சம் மட்டும். வெள்ளையாக விடவேண்டிய இடங்கள் தவிர மீதிப் பேப்பர் முழுவதும் ஈரமாக, தாராளமாக, ஒன்றோடொன்று கலந்தபடி. குளத்துக்காட்சியில் வெயில் படும் கோபுர முகத்துக்கு இளமஞ்சள், அது அப்படியே கீழே இறங்கித் தண்ணீரிலும் ஓடலாம், வானம் ஓரத்தில் வந்து கலக்கலாம். இது முழுக்கக் காய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் நிழல் மட்டும். கோபுரத்தின் அடுக்குகளுக்கு இடையிலான நிழல், மண்டபத்தின் உள்ளிருட்டு, படிக்கட்டின் நிழல், இவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாக வைக்காமல் முடிந்தவரை ஒன்றோடொன்று இணைந்த ஒரே வடிவமாக, அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கத்தில். கடைசியாகச் சின்னப் பிரஷில் சில அடர்ந்த தொடுகைகள்: வாசல், மனிதர்களின் தலை, படியில் உட்கார்ந்திருக்கும் காக்கை. பேப்பரின் எந்த இடமும் மூன்று தடவைக்கு மேல் பிரஷைப் பார்க்காது.

இதில் உள்ள வசதி, முடிவுகள் பிரிந்துவிடுகின்றன. முதல் கட்டத்தில் நிறத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும், இரண்டாம் கட்டத்தில் வடிவத்தைப் பற்றி மட்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு திண்டாடும்போதுதான் கை தொட்டுக்கொண்டே இருக்கிறது. காத்திருப்பும் ஒரே ஒருமுறைதான், ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

மறைமுகச் செலவு இல்லாமல் இல்லை. முதல் வாஷை வெளிறப் போட்டுவிட்டால் இரண்டாம் கட்டம் அதைச் சரிசெய்யும் வேலையாக மாறிவிடும், மறுபடி பழைய கதை. ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றும் அளவுக்கு வையுங்கள். இரண்டாம் கட்ட ஓரங்கள் எல்லாம் கத்தரித்த மாதிரி கூர்மையாக நிற்கும் ஆபத்தும் உண்டு, அங்கங்கே ஓரத்தைச் சுத்தமான ஈரப் பிரஷால் ஒருமுறை தொட்டு மென்மையாக்கிவிட வேண்டும், அதையும் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே. மழைக்காலத்தில் அந்த ஒரே ஒரு காத்திருப்பும் நீளும்.

வாட்டர்கலரில் வெள்ளைக்குப் பேப்பரையே விடவேண்டும் என்பார்கள், அதனால் வெள்ளைப் பெயிண்டைக் கடைசியில் ஒரு புள்ளி வைக்கலாமா என்று கேட்பார்கள். கூச்சமே வேண்டாம். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் தன் வாட்டர்கலர்களில் ஒளிபுகா வெள்ளையையும், பெயிண்ட் ஒட்டாமல் தடுக்க மெழுகையும் பயன்படுத்தியவர். 1909-இல் புரூக்ளின் மியூசியம் அவருடைய 83 வாட்டர்கலர்களை ஒரேயடியாக வாங்கியது, வெள்ளை இருக்கிறது என்று திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அது கடைசிப் பொட்டாக இருக்க வேண்டும். வெள்ளையை ஈர வாஷோடு கலந்துவிட்டால் பால்போல மங்கிவிடும்.

## வழி 4: கோடும் வாஷும்

பேனாவில் வரைந்துகொண்டு, மேலே லேசான வாஷ். ஊர் சுற்றி வரைகிறவர்கள் அதிகம் செய்வது. இதன் புத்திசாலித்தனம் எங்கே என்றால், விவரம் சொல்லும் வேலையைக் கோடு எடுத்துக்கொள்கிறது, அதனால் பிரஷுக்கு விவரம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தொட்டுக்கொண்டே இருக்கும் கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பேனாவோடு உட்கார வைத்துவிடுகிறோம். மலிவான பேப்பரிலும் வரும், சாதாரணப் பெயிண்டிலும் வரும், தெருவோரத்தில் நின்றபடியும் வரும்.

பேனா மை தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும், மைக்ரான் போன்ற நிறமி மைப் பேனாக்கள் சரிவரும், சாதாரண ஜெல் பேனா ஓடிவிடலாம், தனியாக ஒரு துண்டுப் பேப்பரில் கோடு போட்டு நனைத்துப் பார்த்துவிடுங்கள். ஈரக்காற்றில் நல்ல மையும் காய நேரமெடுக்கும். சொரசொரப்பான பேப்பரில் மெல்லிய முனை சீக்கிரம் தேய்ந்துபோகும், அதுவும் ஒரு செலவுதான்.

பெரிய ஆபத்து வேறு. கோட்டுக்குள் வண்ணம் அடைப்பது. அப்படிச் செய்தால் படம் கலங்காது, ஆனால் உயிரும் இருக்காது. கோட்டைத் தாண்டி நிறம் வழியட்டும், சில இடத்தில் கோடு மட்டும் இருக்கட்டும், வெள்ளை இடைவெளி விடுங்கள். இன்னொன்று, கோட்டுக்குப் பழகிவிட்டால் டோன் பார்க்கும் கண் வளராது. கோடு எல்லா வடிவத்தையும் பிரித்துக்காட்டிவிடுவதால் எது இருட்டு, எது வெளிச்சம் என்று யோசிக்க வேண்டியதே வராது. வருடக்கணக்கில் இதை மட்டும் செய்தவர்கள் பேனாவைக் கீழே வைத்ததும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

## ஒரு பார்வையில்

| வழி | யோசிக்கும் நேரம் | காத்திருப்பு | திருத்தம் | பேப்பர் | ஏற்ற காட்சி |
|---|---|---|---|---|---|
| ஒரே மூச்சு | வரையும் முன் | இல்லை | ஏறக்குறைய இல்லை | முழுப் பருத்தி | வானம், மழை, நீர், பூ |
| அடுக்கு | லேயர்களுக்கு நடுவே | மிக அதிகம் | கொஞ்சம் | முழுப் பருத்தி | சிற்பம், முகம், பொருள்கள் |
| இரண்டு கட்டம் | இரண்டு தவணையாக | ஒரே ஒருமுறை | ஓரளவு | பருத்தி நல்லது, கலப்பும் போதும் | தெரு, கட்டடம், நிலக்காட்சி |
| கோடும் வாஷும் | வரையும்போதே | மை காயும்வரை | கோட்டுக்கு இல்லை | எதுவும் | கடைத்தெரு, பயணம் |

## பேப்பர் பற்றிக் கொஞ்சம்

எந்த வழியானாலும் பேப்பரின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கீழே போகாதீர்கள், நெளிந்த பேப்பரில் தண்ணீர் குழியில் தேங்கும், தேங்கிய இடம் கடைசியில் காயும், அங்கே கை போகும். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு, ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிக்கோ போன்ற முழுப் பருத்தித் தாள்களைப் பெரிய ஷீட்டாக வாங்கி வெட்டிக்கொள்வது சிக்கனம். 56 க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாள் நான்காகும்போது 28 க்கு 38, வெளியில் வரைய அதுவே போதும்.

நல்ல பேப்பரைப் பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் மேல்பூச்சு நாளாவட்டத்தில் கெட்டுப்போகும். அப்புறம் ஒருநாள் ஆசையாக எடுத்து வாஷ் போட்டால் அங்கங்கே மைஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சும், அந்தத் திட்டுகள் எதனாலும் போகாது. அந்த மாதிரித் தாளில் படம் மங்கினால் அது உங்கள் கைவரிசை என்று நினைத்துவிட வேண்டாம்.

## சரி, யாருக்கு எது?

ஆரம்பித்து ஆறேழு மாதம்தான் ஆகிறது, எல்லாமே சேறாகிறது என்றால் வழி 3. ஒரு வாரத்துக்கு இரண்டு நிறம் மட்டும், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். நிறத்தேர்வு என்ற தொல்லையே இல்லாமல் ஈரத்தை மட்டும் கவனிக்கலாம்.

அலுவலகம் போய்வந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்களுக்கு வழி 2 எதிர்பாராத பொருத்தம். ஒரு நாளைக்கு ஒரு லேயர், தூங்கும்போது அது காய்ந்துவிடும், காத்திருப்பு என்று ஒன்று தெரியவே தெரியாது. மாறாக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்றால் அதே வழி நரகம்.

பயணம், குழந்தைகளோடு வெளியே போவது, கூட்டத்துக்கு நடுவே நிற்பது என்றால் வழி 4 தான். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டை வரைந்து கொடுக்க வேண்டுமானால் வழி 1-ஐ எடுக்காதீர்கள், அவர்கள் தங்கள் ஜன்னல்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

வழி 1 யாருக்கு? ஏற்கனவே ஓவியம் தெரிந்தவர்களுக்கு, அல்லது பேப்பர் வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு. அதையே பழக ஆசையிருந்தால் வாரத்தில் ஒருநாள் வானம் மட்டும் வரையுங்கள், ஒரு முழுத்தாளை எட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயிண்ட் காயும் நேரம்தான் கெடு.

## கெட்ட பிறகு என்ன செய்வது

இங்கேயும் தேர்வு இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது கெட்டால், தொடாமல் முழுக்கக் காயவிடுவது முதல் வழி, கலங்கியதாகத் தெரிந்த பல படங்கள் காய்ந்து தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை என்றாகும். காய்ந்த பிறகும் உறுத்தினால் அந்த இடத்தை மட்டும் நனைத்து, சில விநாடி விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். அல்ட்ராமரின், கோபால்ட் என்றால் வந்துவிடும், தாலோ என்றால் கனவிலும் வராது, அதற்காகத் தேய்த்துப் பேப்பரைப் புண்ணாக்க வேண்டாம். கெட்டது ஓரத்தில் இருந்தால் நடுவில் நன்றாக வந்த பகுதியை வெட்டி எடுங்கள், பெரிய படத்துக்குள் ஒரு நல்ல சின்னப் படம் அடிக்கடி ஒளிந்திருக்கும், இரண்டு எல் வடிவ அட்டைகளை மேலே வைத்து நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முழுக்கவே போய்விட்டதென்றால், 300 ஜிஎஸ்எம் பருத்திப் பேப்பரின் பின்பக்கமும் வரையக்கூடியதுதான், திருப்பிப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.